முழுகாமல் இருந்த லாரி

வடக்குப்பட்டுப் பக்கத்து ஜல்லிக் குவாரியில் லாரிகள் முழுகாமல் இருக்கும். சிரிக்க வேண்டாம், அங்கே பேச்சே அப்படித்தான். ஜல்லி ஏற்றும்போது காலித் தார் டிரம் ஒன்றை லாரியின் நடுவில் படுக்கவைத்து, மேலே ஜல்லியைக் கொட்டி மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு லோடு கோபுரமாகத் தெரியும். உள்ளே ஒரு டிரம் நிறையக் காற்று. அந்த டிரம்முக்குப் பெயர் புள்ளை. "வண்டி முழுகாம கீதா?" என்று மாரி மேஸ்திரி கீழேயிருந்து குரல் கொடுப்பார். "கீது மேஸ்திரி" என்று லாரிமேல் நிற்கிறவள் சொல்வாள். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பும். இதைத் திருட்டு என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. டீயில் நுரை இல்லையா, அது மாதிரி இது.

லாரிமேல் நிற்கிறவள் சகாயமேரி. மற்றப் பெண்கள் குவியலிலிருந்து இரும்புப் பாண்டில் வாரிக் கொடுப்பார்கள். கிளியம்மாள் அதைத் தலையில் வாங்கிக்கொண்டு பலகைமேல் ஏறி வருவாள். சகாயமேரி அதை வாங்கிக் கொட்டி, காலால் தள்ளி, கையால் ஓரம் கட்டி, லோடுக்கு ஒரு வடிவம் கொண்டுவருவாள். வடிவம் என்றால் சாதாரண வடிவம் இல்லை, ஒரு கல் உருளாது. அந்த லாரியை ஓட்டுகிறவன் அவள் புருஷன் மைக்கேல்ராஜ். புள்ளை வைக்கிறவள் பெண்டாட்டி, சுமக்கிறவன் புருஷன் என்று குவாரிப் பெண்கள் கேலி பண்ணிப் பண்ணியே அலுத்துப்போனார்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதம் அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில், ஏரிக் கலங்கல் ஓடைமேல் ஒரு பாலம் இருந்தது. மூணு கண் பாலம் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து வளைத்துக் கட்டியது. மாட்டுவண்டி போகக் கட்டிய பாலத்தில் ஜல்லி லாரி போனால் அதுதான் எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? நடுக்கண்ணின் வயிற்றிலிருந்து ஒரு கட்டுச் செங்கல் பெயர்ந்து, கீழே படுத்திருந்த ஓர் எருமையின் பக்கத்தில் விழுந்தது. எருமை எழுந்து அப்பால் போய்ப் படுத்துக்கொண்டது. ஊர் அப்படிப் படுக்க முடியுமா? லாரி போகக்கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்கள். பஸ் வந்தால் ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டு, அவர்கள் நடந்து தாண்டிய பிறகு காலி பஸ் பின்னால் மெதுவாக வரும். ஜல்லி லாரி படப்பை, குன்றத்தூர் என்று ஊரைச் சுற்ற வேண்டியதாயிற்று. டீசலுக்கே கட்டவில்லை என்று முதலாளி பாதி வண்டியை நிறுத்திவிட்டார். பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. வேலை இருக்கிறதா என்று காலையில் வந்து பார்த்துவிட்டு, தூக்குச்சட்டிக் கஞ்சியைக் குவாரி மரத்தடியில் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

ஐப்பசி பிறந்த பிறகு பாலத்தைச் சோதிக்க ஓர் இன்ஜினியர் வந்தார். பெயர் டில்லிபாபு. குன்றத்தூர்க்காரர், சின்ன வயசு, மீசை இன்னும் சரியாக நிலைக்கவில்லை. ஓடைக்குள் இறங்கி, சின்னச் சுத்தியலால் பாலத்தின் வயிற்றைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். விரிசலின் குறுக்கே கண்ணாடிப் பட்டைகளை ஒட்டினார். விரிசல் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். சாரம் கட்டி, முள் வைத்த கடிகாரம் மாதிரி ஒன்றையும் பொருத்தினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பொறுமையாக விளக்கமும் சொன்னார். பாலத்தின்மேல் முழு லோடு லாரியை ஒரு நாள் நிறுத்தவேண்டும். பாலம் கொஞ்சம் வளையும், அந்தக் கணக்கை முள் காட்டும். லாரியை எடுத்த பிறகு முள் திரும்பி வந்துவிட்டால் பாலத்துக்குத் தெம்பு இருக்கிறது, வராவிட்டால் இல்லை. நம் இடுப்பு மாதிரிதான் என்று கிளியம்மாள் சொன்னாள்.

லோடை எடை போடவேண்டும் என்றார் இன்ஜினியர். அங்கேதான் வேடிக்கை. எடைமேடை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. எடை போடப் போகவேண்டுமானால் பாலத்தைத் தாண்டவேண்டும், பாலத்தைத் தாண்டலாமா என்று பார்க்கத்தான் எடையே. சுற்றிக்கொண்டு போய்வர முதலாளி டீசல் தரமாட்டேன் என்றார். கடைசியில், லாரித் தொட்டியை டேப் வைத்து நீளம், அகலம், உயரம் அளந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று டில்லிபாபு இறங்கிவந்தார்.

லாரியை ஓட்டிப்போய் நிறுத்துவது யார்? ஒவ்வொரு டிரைவருக்கும் ஒவ்வொரு காரணம் வந்துவிட்டது. ஒருவனுக்கு மச்சினன் கல்யாணம், ஒருவனுக்குக் காய்ச்சல். மைக்கேல்ராஜ் மட்டும் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "நா போறேன் சார்" என்றான். அவன் வாய் எப்போதும் அவனுக்கு முன்னால் ஓடுகிற வாய்.

அன்று சாயங்காலம் சகாயமேரி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சோறு போட்ட பிறகு ஆரம்பித்தாள். எருமைக்குப் பக்கத்தில் விழுந்த கல்லை எல்லோரும் பார்த்தார்களே, உனக்கு மட்டும் கண் இல்லையா, ஊரில் வேறு ஆம்பளையே கிடையாதா என்று கேட்டாள். பாலம் பாஸானால் எல்லார் வீட்டிலும் அடுப்பெரியும், அதற்கு ஒருவன் போய் நிற்கத்தானே வேண்டும் என்று அவன் சொன்னான். அதுவும் நியாயந்தான், அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது. டைப்ரைட்டிங் கிளாஸ் முடித்து வந்த மகள் பெனிஷா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் லோடு ஏற்றினார்கள். அந்த வண்டியின் தொட்டியில் வேலையில்லாத நாட்களில் சேர்ந்த ஆறு டிரம் கிடந்தது. "இன்னிக்கி புள்ள கூடாது மேரி. டிரம்மயெல்லாம் தூக்கிக் கெடாசு" என்று மாரி மேஸ்திரி சொல்லிவிட்டு, இன்ஜினியருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுக்கப் போய்விட்டார். சகாயமேரி ஒரு டிரம்மின் விளிம்பைப் பிடித்தாள். தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் திரும்பப் படுக்கவைத்து, பக்கத்தில் இன்னொன்றை உருட்டி அணைத்தாள். ஆறையும் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, முதல் பாண்டு ஜல்லியை வாங்க நிமிர்ந்தாள். பலகையின் உச்சியில் நின்ற கிளியம்மாளின் கண் தொட்டிக்குள் போனது.

"இன்னாடி இது, ஆறு புள்ளயா?"

"வாய மூடிக்கினு கொட்டுக்கா."

கிளியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு கொட்டினாள்.

அன்றைக்குக் கட்டிய லோடு மாதிரி சகாயமேரி எப்போதும் கட்டியதில்லை. ஓரமெல்லாம் நறுவிசாக, நடுவில் சீரான மேடு. டில்லிபாபு டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, நல்லா ஏத்தியிருக்கீங்க என்று பாராட்டிவிட்டுப் போனார். மைக்கேல்ராஜ் லாரியை ஓட்டிப்போய் நடுக்கண்மேல் நிறுத்திவிட்டு, அவசரமில்லாமல் கதவைச் சாத்தி, துண்டை உதறித் தோளில் போட்டு நடந்துவந்தான். லாரி ஒரு நாள் முழுக்க நின்றது. எடுத்த பிறகு முள் சமர்த்தாகத் திரும்பி வந்தது. கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. பாலம் பாஸ்.

ஊர் கொண்டாடியது. மைக்கேல்ராஜுக்குப் பாலம் மைக்கேல் என்று பெயர் வந்துவிட்டது. டீக்கடையில் உட்காரச் சொல்லி பெஞ்சில் இடம் விட்டார்கள். கீழே தண்ணீர் எப்படித் தெரிந்தது, பாலம் எப்படி முனகியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்னான். ஒவ்வொரு தடவையும் பாலம் கொஞ்சம் அதிகமாக முனகியது. சகாயமேரிக்கு உள்ளூர உறுத்தினாலும், ஆள் முழுசாக வீடு வந்துவிட்டான், அது போதும் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினாள்.

அதற்கப்புறந்தான் வந்தது வினை. பெங்களூர் ரோட்டில் புதிதாகக் கம்பெனி கட்டுகிற ஒருவர் மொத்தமாக ஜல்லி கேட்டிருந்தார். அவருடைய ஆட்கள் ஒவ்வொரு வண்டியையும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். மாரி மேஸ்திரி பெண்களை நிற்கவைத்துச் சொன்னார்: இனிமேல் புள்ளை கிடையாது, எல்லா வண்டியும் வெறும் ஜல்லிதான், மேலே குவித்துத் தலைகட்டி ஏற்றவேண்டும். டிரம்மையெல்லாம் ஒரு மூலையில் அடுக்கிவிட்டார்கள்.

சகாயமேரி லாரிமேல் நின்று வெறும் ஜல்லியை ஏற்றினாள். டிரம் இருந்த இடமெல்லாம் கல்லாக நிறைந்தது. வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் படிந்து உட்கார்ந்ததை அவள் காலடியிலேயே உணர்ந்தாள். மைக்கேல்ராஜ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினான். அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. ஒரு நாளைக்கு அவனைக் காப்பாற்றினாள், சரி. அந்த ஒரு நாளை வைத்துத்தான் இப்போது தினம் தினம், நாலு நடை ஐந்து நடை, சோதனையில் பாலம் பார்த்தே இராத பாரத்தோடு அவனை அதன்மேல் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸிலும் இப்போது யாரும் இறங்குவதில்லை. பெனிஷாவும் அதில்தான் போய்வருகிறாள். ஏற்றிய கையை வெட்டிப்போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. பாலத்தின் மூன்று கண்ணிலும் செந்தண்ணீர் போனது. நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள், சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் மழைக்கு வேலை நின்றபோது, மைக்கேல்ராஜுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"அன்னிக்கி வண்டியில ஆறு புள்ள இருந்துச்சு. நாந்தான் வச்சேன். பாலம் பாதி பாரந்தான் பார்த்துக்கீது."

அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டான். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, மழையில் இறங்கி நடந்து போனான். மறுநாள் உடம்பு சரியில்லை என்று வண்டி எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் பேரைக் கெடுத்துவிட்ட கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் இல்லாவிட்டால் வேறு டிரைவர் போகிறான், அவனும் ஒருத்தியின் புருஷன்தானே.

அவள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினாள். பாலத்துக்கு முன்னால் வந்ததும் வண்டியை நிறுத்து, நான் இறங்கி நடந்து வருகிறேன் என்றாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"பாலம் மைக்கேல் சம்சாரமே எறங்கி நடக்குதே. பாலம் பாஸாயிடுச்சும்மா, தெரியாதா?"

பஸ்ஸே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டு மழையில் நடந்து தாண்டினாள். சிரித்தவர்களோடு பஸ் அவள் பக்கத்திலேயே போனது. அது அந்தக் கரை சேருகிற வரைக்கும் அவள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

டில்லிபாபு தன் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முழுகாமல் இருப்பதென்றால் என்ன என்பதில் ஆரம்பித்துச் சொல்லவேண்டியிருந்தது. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கத்துவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

"எத்தனை டிரம்?"

"ஆறு சார்."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பாதி எல்லாம் இல்லை, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு பாரம் குறைந்திருக்கிறது, அதுவே ஜாஸ்தி என்றார். நானாவது மேலே ஏறி ஒரு கம்பியைக் குத்திப் பார்த்திருக்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஏம்மா இப்ப வந்து சொல்றீங்க? சொல்லாட்டி யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்று கேட்டார்.

"அதான் சார் பயம். யாருக்கும் தெரியாதுன்றதுதான்."

அன்று சாயங்காலமே லாரிகளை நிறுத்திவிட்டார்கள். குவாரியில் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மாரி மேஸ்திரி, உன்னை யார் வாயைத் திறக்கச் சொன்னது என்று பாண்டை உதைத்தார். ஜல்லி வாரிக் கொடுக்கிற செங்கமலம், என் பிள்ளைகள் சோற்றில் மண்ணைப் போட்டாயே என்று முகத்துக்கு நேரே கேட்டாள். மரத்தடியில் அவள் கஞ்சிச் சட்டியைத் திறந்தால் மற்றவர்கள் எழுந்து வேறு பக்கம் போனார்கள். கிளியம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. எனக்கும் கண் இருந்ததே என்றாள், அவ்வளவுதான்.

மழை விட்டதும் மறு சோதனை. இந்தத் தடவை டில்லிபாபு வேறு மாதிரி ஏற்பாடு செய்தார். அன்றைக்கு நின்ற மாதிரியே ஆறு டிரம்மோடு லாரி பாலத்தில் நிற்கட்டும், அந்தப் பாரத்தை அது தாங்கியது தெரியும். அப்புறம் ஒவ்வொரு டிரம்மாக வெளியே எடுத்து, அந்தக் குழியில் ஜல்லி போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் கீழேயிருந்து முள்ளைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்தது. யார் ஓட்டுவது என்று கேட்பதற்குள் மைக்கேல்ராஜ் வந்து நின்றான். இத்தனை நாள் சவரம் செய்யாத முகம். சகாயமேரியைப் பார்க்காமலேயே கேபினில் ஏறிக்கொண்டான்.

லாரி நடுக்கண்மேல் நின்றது. மேலே சகாயமேரி. கரையில் குவித்திருந்த ஜல்லியை மைக்கேல்ராஜும் கிளியம்மாளும் பாண்டில் சுமந்துவந்தார்கள். முதல் டிரம்மைத் தோண்டி எடுத்து அவள் கீழே இறக்கினாள். "மொதப் பிரசவம் ஆச்சு" என்றாள் கிளியம்மாள். கரையில் கோபத்தோடு நின்றிருந்த பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். மைக்கேல்ராஜ் பாண்டை நீட்ட, சகாயமேரி வாங்கிக் கொட்டினாள். எந்தக் கையால் இடம் விட்டாளோ அந்தக் கையாலேயே நிரப்பினாள். காலுக்குக் கீழே தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. "சரி, அடுத்தது" என்று கீழேயிருந்து குரல் வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது குழியைப் பாதி நிரப்பும்போது, ஓடைத் தண்ணீரில் என்னவோ விழுகிற சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க. கண்ணாடி போச்சு. எல்லாரும் கரைக்கு வாங்க" என்று டில்லிபாபு கத்தினார்.

கரைக்கு ஓடிவந்தார்கள். லாரி நடுவில் தனியாக நின்றது. அதை அப்படியே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லியை இறக்கலாமா என்று டில்லிபாபு யோசித்தார். மைக்கேல்ராஜ் குறுக்கே பேசினான்.

"நின்னுகினே இருந்தா பாலத்துக்குத்தான் சார் நோவு. நா எடுத்துர்றேன்."

டில்லிபாபு அவனைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். மெதுவாக எடுங்கள், பிரேக்கே போடாதீர்கள் என்றார். சகாயமேரி அவன் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினாள், பிடிக்கவில்லை. இந்தத் தடவை அவனுக்காக அவள் குறைக்க எதுவும் இல்லை. ஏற்றிய ஜல்லி ஏற்றியதுதான். அவன் நடந்துபோய் ஏறி, லாரியை ரிவர்ஸில் எடுத்தான். சக்கரம் உருள்வதே தெரியாமல் உருண்டது. இன்னும் கொஞ்சம் செங்கல் தண்ணீரில் விழுந்தது. பின்சக்கரம் கரை மண்ணில் ஏறியதும் கிளியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மைக்கேல்ராஜ் இறங்கி, மைல்கல்மேல் உட்கார்ந்தான். சகாயமேரி தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சியை நீட்டினாள். வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை.

"அன்னிக்கே எனக்குத் தெரியும் மேரி."

"இன்னா தெரியும்?"

"வண்டி லேசா கீதுன்னு. தெனம் ஓட்றவனுக்கு ஸ்பிரிங்கு சொல்லாதா? குவாரி மேட்டுலயே தெரிஞ்சிபோச்சு, உன் கைவேலன்னு. எறங்கி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. அப்பாடான்னு இருந்துச்சு."

"அப்ப இத்தினி நாளு எங்கூட ஏய்யா பேசல?"

"எந்த மூஞ்ச வச்சிக்கினு பேசுறது? நீ பயந்துகினு பண்ண. நா தெரிஞ்சிக்கினே பேர் வாங்கிக்கினேன்."

அவள் சட்டியை அவன் வாயருகே தள்ளினாள். அவன் குடித்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்து பாலத்துக்கு முன்னால் நின்றது. டில்லிபாபு கையைக் காட்டி எல்லோரையும் இறக்கிவிடச் சொன்னார். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். அதே கண்டக்டர் மைல்கல் பக்கத்தில் வந்து, மைக்கேல்ராஜைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாலம் மைக்கேலு, அன்னிக்கி நீ நின்ன பாலம் இன்னிக்கி ஃபெயிலாமே?"

மைக்கேல்ராஜ் தலையை நிமிர்த்தவில்லை. சகாயமேரி எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அன்னிக்கி நிக்கலப்பா. இன்னிக்கித்தான் நின்னாரு" என்றாள்.

கண்டக்டருக்குப் புரியவில்லை. ஆட்கள் பாலத்தைத் தாண்டி நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் காலி பஸ் மெதுவாகப் போனது.